கணினிச் செயலியின் (சிபியு) நினைவக முகவரி நீளத்தைப் பார்ப்பது எப்படி?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பாவித்த கணினியொன்றை வாங்கி, அதில் லினக்ஸ் நிறுவிப் பல மெய்நிகர் இயந்திரங்களை (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் கணினிகளை) இயக்க எண்ணும் மாணவர்கள், அதன் செயலி எத்தனை பிட் நீளமான நினைவக முகவரிகளைக் கையாளும் என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. இன்டெல், ஏஎம்டி செயலிகள் இவ்விவரத்தைச் சிபியுஐடி (CPUID) என்ற செயலியின் உள் அறிவுறுத்தல் மூலம் தெரிவிக்கின்றன. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் அதனைப் பெற்று, புரொக் கோப்புறையிலுள்ள சிபியுஇன்ஃபோ கோப்பில் (/proc/cpuinfo) 'அட்ரஸ் சைஸஸ்' (address sizes) என்ற வரியாக எல்லாப் பயனர்களுக்கும் தருகிறது. எல்எஸ்சிபியு (lscpu) கட்டளையிலும் இதைக் காணலாம். ரூட் (நிர்வாகி) அனுமதி தேவையில்லை.

பௌதிக முகவரி (உண்மையான நினைவகத்துக்கானது) 39 பிட் எனில் 512 ஜிபி வரையும், மெய்நிகர் முகவரி (நிரல்கள் பயன்படுத்துவது) 48 பிட் எனில் 256 டிபி வரையும் முகவரியிட முடியும். ஆயினும் உண்மையில் எவ்வளவு ராம் பொருத்தலாம் என்பது மதர்போர்டையும் பொறுத்தது என்பதால், இந்த எண்ணை மட்டும் நம்பி விலை பேச வேண்டாம்.

முக்கியமாக, மெய்நிகர் இயந்திரத்தினுள் இருந்து இதைப் பார்க்காதீர்கள். அங்கு தெரிவது, அந்த இயந்திரத்தை இயக்கும் கியூஎமு (QEMU) போன்ற மென்பொருள் காட்டும் அளவு, அது உண்மையான செயலியின் அளவிலிருந்து வேறுபடலாம்.