மஞ்சள் மாத்திரைக் குழப்பமும் முடக்குவாதத்தில் நாம் செய்யும் மற்ற தவறுகளும்

அம்மாவுக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் நோய், என்று தெரிந்த முதல் வாரம், மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மருந்துப் பைகள் கிடந்தன. நோயை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் பையில் மலாயில் 'செமிங்கு செகாலி', அதன் பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் ஆசிட் பையில் 'செஹாரி செகாலி'; அதாவது ஒன்று வாரம் ஒருமுறை, மற்றது தினமும். இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை வேறு. அம்மா மாற்றிப் போட்டுக்கொண்டார், இரண்டாம் நாளே கண்ணில் பட்டதால் டாக்டரிடம் ஓடினோம். மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்து. இப்போது பையில் பெரிய எழுத்தில் தமிழில் 'செவ்வாய் மட்டும்' என்று எழுதியிருக்கிறோம். செவ்வாய் முருகனுக்கு விளக்கேற்றும் நாள், அம்மாவுக்கு மறக்காது.

அடுத்தது அவசரம். "மூணு வாரமாச்சு, ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுவது. மெத்தோட்ரெக்சேட் வேலை காட்டவே 6 முதல் 12 வாரம் ஆகும், இதை முதல் நாளே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிறுத்தமாட்டார்கள். வலி மாத்திரை அன்றைக்கே கேட்கும், ஆனால் நோய் மூட்டை அரித்துத் தின்பதை அது தடுக்காது.

அப்புறம் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், விற்கும் ஜாமு என்ற மூலிகை மருந்து. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டதா? அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். மலேசியாவில் இப்படி விற்ற பல ஜாமுகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும். பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினாலும் ஆபத்துதான், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் அடங்கிப் போயிருக்கும். சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் பாட்டிலோடு டாக்டரிடம் போங்கள்.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், மெத்தோட்ரெக்சேட் ஈரலையும் ரத்த அணுக்களையும் பாதிக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அது.

கடைசியாக, நம்ம ஆட்களின் "பரவாயில்லை டாக்டர்". போன முறை அம்மா அப்படிச் சொல்ல வாயெடுத்தார், நான் இடித்தேன். சரி என்று, "காலையில எழுந்தா தேங்காய்ப்பால் பிழிய விரல் மடங்குறதுக்கு எட்டரை ஆயிடுது" என்றார். எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க என்று கேட்டார் டாக்டர். ஆறரைக்கு. அப்படியானால் இரண்டு மணி நேரம் விரல் விறைத்திருக்கிறது, நோய் இன்னும் அடங்கவில்லை. அன்றைக்குத்தான் மருந்தின் அளவு மாறியது.