ஸ்னெட்டிஷாமில் பறவை பார்க்க: முதலில் ஓத அட்டவணை, அப்புறம் டிக்கெட்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நார்ஃபோக் பக்கம், வாஷ் என்றொரு பெரிய விரிகுடா இருக்கிறது. ஸ்னெட்டிஷாம் அதன் கரையில்தான். கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். அங்கே இரை தேடும் நாட் என்ற உள்ளான்கள் பல்லாயிரக்கணக்கில் ஒன்றாக எழும்பிச் சுழல்வதைப் பறவை ஆர்வமுள்ள எவரும் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். வழிகாட்டியோடு இரண்டு நாள் போதும். தேதிதான் முக்கியம்.

அறை, ரயில் எதையும் பதிவு செய்யுமுன் பக்கத்து ஊரான ஹன்ஸ்டன்டனின் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியலைப் பாருங்கள். சாதாரண ஏற்றத்தில் சேறு முழுவதும் மூழ்காது. பறவைகள் தொலைவில் புள்ளிகளாகவே நிற்கும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் வரும் பெரிய ஏற்றம்தான் சேற்றை மூடும். நிற்க இடமில்லாமல் போனதும் அவை கரைக்குப் பின்னால் உள்ள பழைய சரளைக்கல் குழிகளுக்கு நம் தலைக்கு மேலாகப் பறந்து வரும்.

அட்டவணையில் நேரத்தைக் கவனியுங்கள். பல அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கோடை நேரம் என்பதால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இன்னொன்று வெளிச்சம். இங்கே பெரிய ஏற்றங்கள் காலையிலும் மாலையிலும்தான் வரும். டிசம்பரில் 6:30 மணி ஏற்றம் என்றால் கும்மிருட்டு. நாளுக்கு நாள் ஏற்றம் அரை மணிக்கு மேல் தள்ளிப்போவதால், ஓரிரு நாள் கழித்துப் போனால் விடிந்த பிறகு கிடைக்கும்.

குளிர்காலம் என்றால் அமாவாசையையே தேர்ந்தெடுங்கள். ஐஸ்லாந்து, கிரீன்லாந்திலிருந்து வரும் இளஞ்சிவப்புக்கால் வாத்துகள் விடியலில் சேற்றிலிருந்து கிளம்பி வயல்களுக்குப் போகும். நிலவு வெளிச்சம் இருந்தால் இரவிலேயே மேயப் போய்விடும், விடியலில் வானம் வெறிச்சென்றிருக்கும்.

வழிகாட்டியிடம் டெலஸ்கோப் கொண்டுவருவாரா என்று கேளுங்கள். நீங்கள் பைனாகுலர் மட்டும் வைத்திருந்தால் போதும். என் தேர்வு 8x42தான் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.). கடற்காற்றில் 10x கையில் நிற்காது.

முதல் நாள் டிச்வெல் என்ற பறவைகள் காப்பகம். மறைகுடில்கள், கழிப்பறை, உணவகம் எல்லாம் உண்டு, பறவைகளை அடையாளம் பார்த்துப் பழக நல்ல இடம். மறுநாள் ஸ்னெட்டிஷாம். கார் நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கரையில் நில்லுங்கள். சேற்றில் மட்டும் இறங்கவே கூடாது, தண்ணீர் வேகமாகச் சூழ்ந்துவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன சிலர், ஏற்றம் உச்சம் தொட்டதும் கிளம்பிவிட்டதாக எழுதியிருந்தார்கள். அவசரப்படாதீர்கள். தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் குழிகளில் நெருக்கியடித்து நின்ற நாட் உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக மறுபடி சேற்றுக்குத் திரும்பும். ஏற்றத்துக்குப் பின் இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டியிடம் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.