முறிந்த பால்சா விமானத்தின் உடற்பகுதியை மீண்டும் கட்டும் முறை

ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் பயிற்சி மாதிரி விமானம் மூக்குக் குத்தி விழுந்தால், பெரும்பாலும் மோட்டாரைத் தாங்கும் ப்ளைவுட் முன்தட்டு பிடுங்கிக்கொண்டு வரும். இறக்கையின் பின்விளிம்பையொட்டி உடலும் முறியும். பால்சா என்ற மிக இலேசான மரத்தால் ஆன உடலில் இவ்விரண்டையும் சீர்செய்யும் முறை இது.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். நசுங்கிய அல்லது உப்பிய லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தீப்பற்றக்கூடியது. அதை மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது. பிறகு, விழுந்த இடத்தில் கிடக்கும் சிறு சிம்புகளையும் விடாமல் பொறுக்குங்கள். முறிந்த விளிம்புகள் தாமே ஒன்றோடொன்று கவ்விப் பொருந்துவதால், உடலின் பழைய நீளத்தை அவையே காட்டிக்கொடுக்கும். ஆகவே அவற்றை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். மெத்தனால் எரிபொருளில் ஓடும் எஞ்சின் என்றால், எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. அப்பகுதியை அசிட்டோனால் பலமுறை துடைத்து உலரவிடுங்கள்.

அடுத்து வருவதுதான் மிகுந்த பொறுமையைக் கேட்கும் கட்டம். சமதளப் பலகையில் ஒரு நடுக்கோடு வரைந்து, மேற்புறம் தட்டையான உடலாக இருந்தால் அதைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் நடுப்புள்ளியும் அக்கோட்டின்மேல் அமையும்படி இருபுறமும் கட்டைகளால் அணைகொடுங்கள். பசையிடுவதற்கு முன்பே இறக்கையையும் வால்பகுதியையும் பொருத்தி, வாலின் நடுவிலிருந்து இரண்டு இறக்கை நுனிகளுக்கும் நூல் பிடித்து அளந்து பாருங்கள்; இரு நீளங்களும் சமமாக இருக்க வேண்டும். பின்னால் தள்ளி நின்று பார்க்கும்போது கிடைவாலும் இறக்கையும் இணையாகத் தெரிய வேண்டும். இங்கே தங்கிவிட்ட முறுக்கை, பசை இறுகிய பிறகு நேராக்க முடியாது.

இதனால்தான் முக்கிய இணைப்புகளுக்கு எபாக்சியில் (இரண்டு பொருள்களைக் கலந்து இறுகவைக்கும் பசை) 5 நிமிட வகையைவிட மெதுவாக இறுகும் 30 நிமிட வகையையே நான் விரும்புகிறேன்: திருத்துவதற்கு அவகாசம் கிடைக்கிறது. நொடிகளில் இறுகும் சிஏ (சயனோஅக்ரிலேட்) பசையை மயிரிழை விரிசல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முறிந்த நீளச்சட்டங்களை முனையோடு முனை ஒட்டினால் பசையை மர நார்களின் துளைகள் உறிஞ்சிவிடும், இணைப்பு நிற்காது. தடிமனைப்போல 8 முதல் 10 மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி இணையுங்கள். அதாவது 6 மில்லிமீட்டர் சட்டத்துக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லிமீட்டர் சாய்வு தேவை. பக்கச்சுவரின் உட்புறம் மெல்லிய ப்ளைவுட் பட்டை ஒட்டும்போது, அதன் ஓரங்களையும் சரிவாக்குங்கள். செங்குத்தாக விட்டால் அடுத்த முறிவு அந்த விளிம்பிலேயே ஏற்படும்.

புதிய முன்தட்டுக்கு 6 மில்லிமீட்டர் பர்ச் ப்ளைவுட் ஏற்றது. மோட்டார் கீழ்நோக்கியும் வலப்பக்கமும் சற்றுச் சாய்ந்திருக்க வரைபடத்தில் உள்ள கீழ்ச்சாய்வையும் வலச்சாய்வையும் அப்படியே கடைப்பிடித்து, பின்மூலைகளில் முக்கோணப் பால்சாக் கட்டைகள் ஒட்டுங்கள்.

பின்பகுதியில் எபாக்சியைத் தாராளமாகப் பூசாதீர்கள். சமநிலைப் புள்ளியிலிருந்து வால் இருக்கும் தொலைவு மூக்கின் தொலைவைப்போல மூன்று மடங்கு என்றால், வாலில் கூடிய 10 கிராமுக்கு மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க நேரும். உடலைப் போர்த்தும் பிளாஸ்டிக் பிலிமை ஒட்டி முடித்ததும், வரைபடம் காட்டும் இடத்தில் விரல்களால் தாங்கிச் சமநிலையைச் சரிபாருங்கள்.

பின்சேர்க்கை: வெள்ளைத் தெர்மோகோல் விமானத்துக்கு இதே சிஏ பசையைப் பயன்படுத்த வேண்டாம், சாதாரண சிஏ அதைக் கரைத்துவிடும். அதற்கும் எபாக்சியே பாதுகாப்பானது.