நியூயார்க்கில் படிப்பில் பின்தங்கிய பிள்ளையை டிரான்ஸ்ஃபர் ஸ்கூலில் சேர்ப்பது எப்படி?

என் தங்கை மகனுக்கு அப்போது 17 வயது. குயின்ஸில் ஒரு பெரிய ஹைஸ்கூலில் மூன்றாம் வருஷம். கையில் இருந்ததோ 11 கிரெடிட், அதாவது தேறிய பாடத்துக்குக் கிடைக்கும் புள்ளி. பள்ளியில் என் தங்கையைக் கூப்பிட்டு, "இவன் இனி இங்கே தேற மாட்டான், ஜி.இ.டி. எழுதச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ஜி.இ.டி. என்பது ஹைஸ்கூல் முடிக்காதவர்கள் அதற்குப் பதிலாக எழுதும் தேர்வு. அவள் வாசலில் நின்று அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். அன்றிலிருந்து நான் அலைந்து தெரிந்துகொண்டதை, இதே தவிப்பில் இருக்கும் வீடுகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் பயத்தை விடுங்கள். ஹைஸ்கூல் டிப்ளமா வாங்காத பிள்ளை, 21 வயது முடியும் கல்வியாண்டின் கடைசி நாள்வரை அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்கலாம். இது நியூயார்க் நகரக் கல்வித்துறையின் விதி. "வயசு தாண்டிவிட்டது" என்று யாராவது காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

டிரான்ஸ்ஃபர் ஸ்கூல் என்பது நகரக் கல்வித்துறையே நடத்தும் சிறிய ஹைஸ்கூல். ஒரு வருஷமாவது ஹைஸ்கூலில் இருந்து, கிரெடிட்டில் பின்தங்கிய பிள்ளைகளுக்கானது. மான்ஹாட்டனில் சிட்டி-அஸ்-ஸ்கூல் 1970-களிலிருந்து நடக்கிறது. வெளியே வேலை பழகுவதையே அங்கே பாடமாகக் கணக்கிடுகிறார்கள். இந்தப் பள்ளிகள் தருவது மற்றப் பள்ளிகள் தரும் அதே டிப்ளமாதான். எங்கள் வீட்டில் இதைப் புரியவைக்கவே இரண்டு நாள் ஆனது. தங்கை வீட்டுக்காரர் இது தண்டனைப் பள்ளி என்றே நினைத்திருந்தார்.

அடுத்து, டிரான்ஸ்கிரிப்டை, அதாவது இதுவரை எடுத்த பாடங்கள், மதிப்பெண்கள், கிரெடிட் பட்டியலை வாங்குங்கள். கேட்டால் பள்ளி கொடுத்தாக வேண்டும். நானும் அவனும் சாப்பாட்டு மேஜையில் அதை விரித்து, பென்சிலால் வட்டம் போட்டோம். டிப்ளமாவுக்கு மொத்தம் 44 கிரெடிட். அதில் ஆங்கிலம் 8, சமூக அறிவியல் 8, கணக்கு 6, அறிவியல் 6. மீதி உடற்பயிற்சி, கலை, வேற்றுமொழி என்று போகும். இதோடு ரீஜென்ட்ஸ் என்னும் மாநிலப் பொதுத்தேர்வு ஐந்து. ஒவ்வொன்றிலும் 65 வேண்டும். வட்டம் போடப் போட ஒன்று தெரிந்தது. பையன் பாடத்தில் மக்கு இல்லை. அல்ஜீப்ரா ரீஜென்ட்ஸில் 74 வாங்கியிருந்தான்! விட்டதெல்லாம் முதல் பீரியட் வகுப்புகள். அதோடு உடற்பயிற்சி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஊரில் ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டுத்தான் இங்கே வந்தான். அந்த மார்க் ஷீட்டை யாரும் கேட்கவும் இல்லை, நாங்கள் கொடுக்கவும் இல்லை. வெளிநாட்டில் படித்ததற்கும் கிரெடிட் தர இடமுண்டு. எவ்வளவு என்பதைப் பள்ளிதான் முடிவு செய்யும். கும்பகோணத்தில் என் அம்மா பீரோவைக் குடைந்து தேடி எடுத்துப் படம் அனுப்பினார். உங்கள் வீட்டிலும் இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள். தடுப்பூசி அட்டை, முகவரிச் சான்று, ஐ.இ.பி. (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கான தனித் திட்டம்) இருந்தால் அதுவும் சேர்த்து ஒரே ஃபைலில் வையுங்கள்.

அப்புறம், நேராகப் பள்ளிக்கே போன் செய்து நேர்காணலுக்கு நாள் கேளுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் வயது, கிரெடிட் வரம்பு வேறு வேறு. ஆகவே ஒரு இடத்தில் இல்லையென்றால் அடுத்ததற்குக் கேளுங்கள். எங்கே கேட்பதென்று தெரியாவிட்டால், நகரத்தின் ஒவ்வொரு பரோவிலும் (குயின்ஸ், மான்ஹாட்டன் போன்ற பெரும்பிரிவு) இதற்கென்றே ரெஃபரல் சென்டர் இருக்கிறது. ஆங்கிலம் சிரமம் என்றால் போனிலேயே மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

நேர்காணலில்தான் நான் பெரிய தப்புச் செய்யப் பார்த்தேன். "ஏன் பள்ளிக்கு வரவில்லை?" என்று நேர்காணல் எடுத்த அம்மா அவனைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "உடம்பு சரியில்லை" என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். அவன் கொஞ்ச நேரம் ஷூவைப் பார்த்துக்கொண்டு இருந்தான். "ராத்திரி அப்பாகூட காஸ் ஸ்டேஷன்ல நிப்பேன். காலைல எழுந்திருக்க முடியல" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான். அது எனக்கே அன்றுதான் தெரியும். அந்த அம்மா திட்டவில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், எந்த பஸ், எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தயவுசெய்து பிள்ளையைப் பேசவிடுங்கள், காரணத்தை மறைக்காதீர்கள். காரணம் தெரிந்தால்தான் அவர்களால் அட்டவணையை மாற்றிப் போட முடியும்.

நீங்களும் கேட்க வேண்டியவை உண்டு. "பிள்ளை வராவிட்டால் யார், எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள்?" இதற்குப் பெயர் சொல்லிப் பதில் வரும் பள்ளியாகப் பாருங்கள். பல டிரான்ஸ்ஃபர் பள்ளிகளில் லேர்னிங் டு வொர்க் திட்டம் உண்டு. வெளி அமைப்பு ஒன்று கூடவே இருந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் துணை நிற்க ஒரு அட்வகேட் கவுன்சிலரை (வழக்கறிஞர் அல்ல, ஆலோசகர்) வைக்கும், சம்பளத்தோடு பயிற்சி வேலையும் தரும். எங்கள் பையனுக்கு அதுதான் கைகொடுத்தது. காஸ் ஸ்டேஷன் ராத்திரிக்குப் பதிலாக, மாலையில் ஒரு சைக்கிள் கடையில் வேலை. அவன் கவுன்சிலர் முதல் மாதம் முழுக்கக் காலையில் போன் செய்தார். ஒரு நாள் அவன் எடுக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் போர்வையை இழுத்தேன். "பெரியம்மா, அஞ்சு நிமிஷம்" என்றவனிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.

ரீஜென்ட்ஸ் பயம் இருக்கிற பிள்ளை என்றால், கன்சார்டியம் பள்ளியா என்று விசாரியுங்கள். அங்கே ஆங்கிலத் தேர்வு மட்டும் எழுதினால் போதும். மற்றவற்றுக்குக் கட்டுரை, ஆய்வு என்று செய்து, ஆசிரியர்கள் முன் விளக்க வேண்டும்.

சேர்க்கை வருஷம் முழுக்க நடக்கும். ஆனாலும் ஜனவரிக் கடைசியில் அடுத்த பருவம் தொடங்கிவிடும் என்பதால், டிசம்பர் விடுமுறைக்கு முன்பே போன் செய்துவிடுங்கள். காலை நேரத்தில் கூப்பிட்டால் ஆள் கிடைப்பார்கள்.