திருக்கோணமலைக் கோட்டைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

பிரெடெரிக் கோட்டை இன்றும் இராணுவ முகாம்தான். ஆனால் கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை அதற்குள்ளால் போவதால் பொதுமக்களும் உள்ளே போகலாம்.

1. காலையிலேயே புறப்படுங்கள். வெயில் ஏறிவிட்டால் ஏற்றத்தில் களைத்துவிடுவீர்கள், மதியத்தில் கோயில் நடையும் சாத்திவிடுவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, அடையாள அட்டை, தண்ணீர் போதும். வெள்ளிக்கிழமைகளில் சனம் கூட.

2. ஓட்டோவில் போனால் கோட்டை வாசலிலேயே இறங்கிவிடுங்கள். பலர் நேரே கோயிலடிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் தெரிகிறது. கோணேசர் கோயில் இருக்கும் இந்தக் குன்றான சுவாமி மலையில் இருந்த பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் சேர்த்துத்தான் போர்த்துக்கேயர் 1624 அளவில் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். வாசலின் நிலைக்கல்லைத் தேடிப் பாருங்கள். பாண்டியரின் சின்னமான இணைக்கயல் (இரட்டை மீன்) செதுக்கியிருக்கும், தமிழ் எழுத்துகளும் இருக்கும். குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்லும் பாட்டு அது. எழுத்து தேய்ந்துபோயிருப்பதால் கிட்டப் போய் நின்று பார்க்க வேண்டும். அப்புறம் ஒல்லாந்தர் 1639இல் பிடித்தார்கள், ஆங்கிலேயர் 1795இல். இன்றைய பெயர் 1803இல் வைத்தது.

3. உள்ளே போனதும் பெரிய தெருவை விட்டு விலகாதீர்கள். காவலில் நிற்பவர்களையும் முகாம் கட்டடங்களையும் படம் எடுக்க வேண்டாம். பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டிவிட்டு நடங்கள்.

4. வழியெல்லாம் புள்ளிமான்கள் நிற்கும், கிட்டவும் வரும். தயவுசெய்து தின்பண்டம் கொடுக்காதீர்கள், பிளாஸ்டிக் பையைக் கீழே போடாதீர்கள். அது அவற்றின் வயிற்றுக்குள் போய்விடும். 1800இல் ஆர்தர் வெல்லஸ்லி தங்கிய வீடும் கோட்டைக்குள்தான் இருக்கிறது. வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் அவர்தான்.

5. மேலே செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போங்கள். 1950இல் கிணறு வெட்டியபோது பழைய கோயிலின் வெண்கலச் சிலைகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. இப்போதுள்ள கோயிலின் குடமுழுக்கு 1963இல் நடந்தது. பிறகு பக்கத்தில் இராவணன் வெட்டைப் பாருங்கள். பாறை இரண்டாகப் பிளந்து, கீழே கடல் தெரியும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

நடை சாத்தியிருந்தால் வெட்டை மட்டும் பார்த்துவிட்டு இறங்கி, மாலைப் பூசைக்கு மறுபடி வாருங்கள்.