ஏஜென்ட் எப்போது ஓட வேண்டும்? ட்ரிகர் அமைக்கும் முறை

ஏஐ ஏஜென்ட்டுக்கு (நமக்காக வேலைகளைத் தானாகச் செய்யும் ஏஐ நிரல்) ப்ராம்ப்ட், அதாவது அறிவுறுத்தல், எழுதுவதற்கு முன்னால் நான் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வேன்: "எது நடந்தால் இது ஓட வேண்டும்?" அது தெளிவாக இருந்தால் எந்த ட்ரிகர் (ஏஜென்ட்டை ஓட வைக்கும் தூண்டுதல்) என்பதும் தெரிந்துவிடும்.

குறித்த நேரத்தில் ஓட வேண்டிய வேலைக்கு க்ரான் (சர்வரில் வேலைகளை நேரப்படி ஓட்டும் வசதி) போதும். 0 9 * * 1-5 என்று கொடுத்தால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்கு ஓடும். சர்வர் பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

வேறொரு செயலியில் ஏதாவது நடந்தவுடன் ஓட வேண்டுமென்றால் வெப்ஹுக்: அந்தச் செயலி நீங்கள் கொடுத்த இணைய முகவரிக்கு ஒரு கோரிக்கை அனுப்பும். இங்கேதான் கவனம் தேவை. வரும் கோரிக்கையின் கையொப்பத்தை, அதாவது அந்தச் செயலிதான் அனுப்பியது என்று காட்டும் குறியீட்டை, கட்டாயம் சரிபாருங்கள். இல்லையென்றால் முகவரி தெரிந்த யாரும் உங்கள் ஏஜென்ட்டை ஓட்டலாம். சரியாக இருந்தால் வேலையை வரிசையில் போட்டுவிட்டு உடனே 200 (கிடைத்துவிட்டது என்னும் குறி) என்று பதில் அனுப்புங்கள். ஏஜென்ட் முடிக்கும்வரை காக்க வைத்தால், அனுப்பிய பக்கம் டைம்அவுட் ஆகி (காத்திருக்கும் நேரம் முடிந்து) அதே நிகழ்வை மறுபடி அனுப்பக்கூடும். அதனால் நிகழ்வின் ஐடியையும் சேமித்து வையுங்கள். ஏற்கெனவே வந்த ஐடி என்றால் ஓட்டவே வேண்டாம். ஒரே ஆளுக்கு இரண்டு பதில் போவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

மெயில் வந்தால் பதில் எழுதும் ஏஜென்ட்டா? அதன் சொந்தப் பதில்களை ஃபில்டரில் விலக்குங்கள். மெயிலோடு வரும் தகவல் வரிகளில் ஆட்டோ-சப்மிட்டட் (Auto-Submitted) ஹெடரைப் பார்த்துத் தானியங்கிப் பதில்களையும் தள்ளுங்கள். மணிக்கு இத்தனை முறைதான் என்று உச்சவரம்பும் வையுங்கள்.

அப்புறம், முதல் வாரம் ஏஜென்ட் வரைவு மட்டும் எழுதட்டும். படித்துப் பார்த்து நீங்களே அனுப்புங்கள்.