பரங்கிக்காயை ஏவுவது எப்படி: குண்டு உடம்புள்ள மாடல் ராக்கெட்

நிஜப் பரங்கிக்காய் இதற்கு வேண்டாம். 15 செ.மீ. விட்டமுள்ள காயைக் குடைந்து 1 செ.மீ. சுவர் மட்டும் விட்டாலும் ஏறத்தாழ 600 கிராம் இருக்கும். காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அதைத் தூக்கும் மோட்டாரும் கிடைக்கும். ஆனால் பாராசூட் விரியாவிட்டால் தலைக்கு மேலிருந்து விழுவது அரைக் கிலோவுக்கு மேலான ஒரு கட்டி. அலங்காரத்துக்கு விற்கும் உள்ளீடற்ற ஃபோம் பரங்கியே சரி. வாங்கும்போது தராசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 15 செ.மீ. விட்டமும் 13 செ.மீ. உயரமும் உள்ளதில் 80 கிராமைத் தாண்டாததாகப் பாருங்கள். ஒரே அளவாகத் தெரியும் இரண்டு பரங்கிகளுக்குள் நாற்பது கிராம் வித்தியாசம் சாதாரணமாக வரும்.

இந்த வழிகாட்டியின் எடைக் கணக்கு இப்படி: பரங்கி 80 கிராம், குழாய்களும் வளையங்களும் 25, இறக்கைகள் 15, பாராசூட்டும் கயிறும் 15, குழாயின் மேல்நுனியில் செருகும் மூக்குக் கூம்பும் அதனுள் போகும் களிமண்ணும் 50, பசை 10. மோட்டார் ஏறத்தாழ 43. மொத்தம் 240 கிராமுக்குள் முடித்துவிட வேண்டும்.

மோட்டார்

எஸ்டெஸ் நிறுவனத்தின் டி12-3 மோட்டார் போதும். 24 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம். 'டி' என்றால் மொத்தக் கணத்தாக்கு (உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கியது) 10 முதல் 20 நியூட்டன்-வினாடிக்குள். 12 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி 3, எரிந்து முடிந்த பிறகு பாராசூட்டைத் தள்ளும் வெடிப்பு வரை கழியும் வினாடிகள். 240 கிராம் ராக்கெட்டின் எடை சுமார் 2.35 நியூட்டன். உந்துவிசை எடையைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது எல்லோரும் பிடிக்கும் விதி. இங்கே அது ஒட்டினாற்போல்தான் தேறுகிறது. பெயின்டை அள்ளிப் பூச இடமில்லை.

மோட்டார் பெயரின் அந்தக் கடைசி எண்ணில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒல்லி ராக்கெட் எரிந்து முடிந்த பிறகும் நெடுநேரம் மேலேறும். பரங்கி அப்படியல்ல, காற்று அதை உடனே பிடித்து நிறுத்திவிடும். தோராயமாகக் கணக்குப் போட்டால், எரிந்து முடியும்போது வேகம் வினாடிக்கு 30 மீட்டருக்குச் சற்றுக் கீழே. அதன்பின் இரண்டு வினாடிக்குள் உச்சியைத் தொட்டுவிடும், உயரம் 50 மீட்டர் அளவில். மூன்று வினாடித் தாமதத்தில் பாராசூட் வெளிவரும்போது ராக்கெட் உச்சியிலிருந்து பத்து மீட்டர் போல இறங்கியிருக்கும், அது பரவாயில்லை. டி12-5 போட்டால் தரைக்கு 20 மீட்டர் மேலேதான் பாராசூட் வரும். டி12-7 போட்டால் தரையில் மோதிய பிறகே வெடிக்கும். டி12-0 பல அடுக்கு ராக்கெட்டின் கீழ் அடுக்குக்கானது, தாமதமே இல்லாதது, அதுவும் கூடாது.

கடையில் விற்கும் மோட்டாரை அப்படியே பயன்படுத்துங்கள். துளையிடுவது, மருந்தை மாற்றி நிரப்புவது, பட்டாசு மருந்தைக் கொட்டி எடுப்பது எல்லாம் விரலையோ கண்ணையோ பறிக்கும் வேலை. மோட்டார் வாங்கவும் ஏவவும் உங்கள் ஊரில் என்ன சட்டம் என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

நடுக்குழாய்

பரங்கியின் வயிறு வெற்றிடம். பாராசூட்டைத் தள்ளும் வாயு அந்த வெற்றிடத்துக்குள் கசிந்தால் அழுத்தமே உருவாகாது, மூக்கு கழலாது. ஆகவே அடியிலிருந்து நுனி வரை ஒரே காகிதக் குழாய் ஓட வேண்டும்: வெளிவிட்டம் 42 மி.மீ., நீளம் 22 செ.மீ. பரங்கிக்குள் 13 செ.மீ. போக, மேலே நீளும் 9 செ.மீ.தான் காம்பு. பச்சை அடித்துவிட்டால் பார்வைக்கும் பொருந்தும். எடை முன்னால் போவதால் பறப்பதற்கும் நல்லது.

இந்தக் குழாயின் அடியில் 24 மி.மீ. மோட்டார் குழாய், இரண்டு வளையங்களில் நடுவாக உட்கார வேண்டும். மோட்டார் 6 மி.மீ. வெளியே நீட்டி நிற்கும்படி உள்ளே தடுப்பு வளையம் ஒட்டுங்கள். பின்பக்கம் பிடித்துக்கொள்ள உலோகக் கொக்கி கட்டாயம். கொக்கி இல்லையென்றால் வெடிப்பு மோட்டாரையே பின்னால் துப்பிவிடும், பாராசூட் இருந்த இடத்திலேயே இருக்கும். முன்வளையத்தை ஒட்டுவதற்கு முன்பே 40 செ.மீ. கெவ்லர் நூலை (சூடு தாங்கும் நூல்) அதில் கட்டிவிடுங்கள். பிறகு கைவிட்டுக் கட்ட இடமிருக்காது.

பரங்கியில் மேலும் கீழும் துளை போட்டுக் குழாயை நுழைத்ததும், ஒட்டாமல் மேசை மேல் நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். ஒரு பென்சிலை அசையாமல் வைத்து அதன் கூர்முனையைப் பரங்கியின் இடுப்புக்கு அருகே கொண்டுபோனால், ஒரு பக்கம் முனை தொடும், மறுபக்கம் இடைவெளி தெரியும். இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் என்றால் துளையைச் சற்று அராவி நகர்த்துங்கள். சாய்ந்த அச்சில் ஒட்டிய பரங்கி கிளம்பியதும் வளைந்தே போகும்.

பசை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில பரங்கிகள் தெர்மோகோல் வகை. சூப்பர் க்ளூவும் கரைப்பான் உள்ள ஸ்ப்ரே பெயின்டும் அதை உருக்கிவிடும். வெட்டியெடுத்த துண்டில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். எப்பாக்ஸியும் வெள்ளைப் பசையும் எல்லா ஃபோமுக்கும் ஒத்துவரும். அராவும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், ஃபோம் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

ஏவுகம்பிக்கான சிறு குழாயைப் பரங்கியின் வெளி வயிற்றில் ஒட்ட வேண்டாம். உந்துவிசை நடுவில், உராய்வு ஓரத்தில் என்றாகிக் கம்பியிலேயே இறுகும். 6 மி.மீ. கம்பி தடையில்லாமல் வழுகும் காகிதக் குழாயை நடுக்குழாயை ஒட்டி, பரங்கிக்குள்ளேயே அடி முதல் காம்பு வரை ஓடவிடுங்கள்.

இறக்கையும் எடையும்

நான்கு இறக்கைகள், 3 மி.மீ. பால்சா மரம், இருபுறமும் காகிதம் ஒட்டியது. பரங்கியின் வயிற்றுக்குப் பின்னால் காற்று கலங்கிக் கிடக்கும். அந்த நிழலுக்குள் நிற்கும் இறக்கை இருந்தும் இல்லாததுபோல்தான். இடுப்பைத் தாண்டி வெளியே 6 செ.மீ. நீளட்டும், அடிமட்டத்துக்குப் பின்னால் 5 செ.மீ. இறங்கட்டும். அடிப்பாகம் ஃபோமில் கீறிய பிளவு வழியாக உள்ளே போய் நடுக்குழாயைத் தொட்டு ஒட்ட வேண்டும். ஃபோமின் மேல்தோலில் மட்டும் ஒட்டினால் முதல் தரையிறக்கத்தில் தோலோடு பிய்ந்து வரும்.

ஈர்ப்பு மையம் (ராக்கெட் சமநிலையில் நிற்கும் புள்ளி) அழுத்த மையத்துக்கு (காற்றின் விசைகள் சேர்ந்து செயல்படும் புள்ளி) முன்னால் இருக்க வேண்டும் என்பது எல்லா ராக்கெட்டுக்கும் பொது. ஆனால் அழுத்த மையத்தைக் கணிக்கும் வழக்கமான பாரோமன் முறை ஒல்லி உடலுக்கானது. குண்டு உடலின் பின்புற இழுவையை அது கணக்கில் எடுக்காது. ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. அடியில் எடையில்லாத ஒரு கூம்பைச் சேர்க்க வேண்டும்: கூர்முனை ராக்கெட்டைத் தொட, பின்விட்டம் உடலின் விட்டத்துக்குச் சமமாக, நீளம் அந்த விட்டத்தைப் போல 3.14 மடங்காக. நம் பரங்கிக்கு 47 செ.மீ. வரும்.

மென்பொருள் என்ன சொன்னாலும் கயிற்றில் சுற்றிப் பார்க்காமல் ஏவ வேண்டாம். மோட்டார், பாராசூட் எல்லாம் ஏற்றிய நிலையில் ஈர்ப்பு மையம் இடுப்புக்கு 3 செ.மீ.யாவது முன்னால் வரும் வரை மூக்கினுள் களிமண்ணை அழுத்துங்கள். தொடக்கத்துக்கு 40 கிராம். சமநிலைப் புள்ளியில் 3 மீட்டர் கயிறு கட்டி, திறந்தவெளியில் தலைக்கு மேலே சுற்றுங்கள். மூக்கு முன்னோக்கி நின்றால் சரி. பக்கவாட்டில் புரண்டால் ஐந்து ஐந்து கிராமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். களிமண் உதிராதபடி மேலே எப்பாக்ஸி ஊற்றி அடையுங்கள்.

மூக்கின் இறுக்கம்

எரிந்து முடிந்த கணத்தில் பரங்கியைக் காற்று பின்னால் இழுக்கும், கனமான மூக்கோ முன்னால் ஓடப் பார்க்கும். பொருத்தம் தளர்வாக இருந்தால் பாராசூட் முழு வேகத்தில் வெளிவந்து கிழியும். மூக்கைப் பிடித்துத் தூக்குங்கள்: ராக்கெட் கழலாமல் தொங்க வேண்டும், ஒரு உலுக்கலில் விழ வேண்டும். இறுக்கம் போதாவிட்டால் ஒரு சுற்று காகித டேப். பிறகு மோட்டார் இல்லாமல், மோட்டார் குழாயில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள். மூக்கு 'டப்'பென்று கழன்றால் குழாயில் கசிவு இல்லை.

45 செ.மீ. பாராசூட் போட்டால் வினாடிக்கு ஐந்து மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் இறங்கும். கெவ்லர் நூலின் நுனியில் 60 செ.மீ. எலாஸ்டிக், அதன் முனையில் மூக்கும் பாராசூட்டும். மோட்டாருக்கு மேலே தீப்பற்றாத தாளைக் கசக்கி 4 செ.மீ. நிரப்புங்கள், அதன்மேல் பாராசூட். சாதாரணக் காகிதமோ பஞ்சோ கூடாது.

ஏவும்போது

6 மி.மீ. தடிப்பில் ஒன்றரை மீட்டர் கம்பி, அடியில் உலோகத் தகடு. அமெரிக்காவின் தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதிகள்படி டி மோட்டாருக்கு 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மைதானம் குறைந்தது 150 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். கம்பியைச் செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்க்கக் கூடாது. காற்றின் வேகத்துக்கு அந்த விதிகள் தரும் உச்சவரம்பு மணிக்கு 32 கி.மீ. பரங்கிக்கு அதில் பாதியே அதிகம், ஏனென்றால் இது கம்பியை விட்டு மெதுவாகத்தான் கிளம்பும். பெரிய இறக்கைகள் காற்றை எதிர்த்துத் திருப்பிவிடும். பற்றவைப்பது எப்போதும் மின்சார இக்னைட்டரால் (மோட்டாரைப் பற்றவைக்கும் சிறு கம்பி), சாவி போட்ட கன்ட்ரோலரிலிருந்து. பொத்தானை அழுத்தியும் கிளம்பாவிட்டால் சாவியை உருவிவிட்டு 60 வினாடி காத்திருந்த பிறகே அருகில் போங்கள்.

இறங்கியதும் பாராசூட்டின் ஓரத்தைப் பாருங்கள். கருகியிருந்தால் அடுத்த முறை ஒரு தாள் கூடுதல். இறக்கையின் அடியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், மயிரிழை விரிசல் கண்ணில் படாது, நகத்தில் தட்டும். ஃபோமில் பிளவு இருந்தால் எப்பாக்ஸியால் அடைக்கலாம். ஆனால் அந்தப் பசை பின்பக்கம் ஏறிய எடை. மறுபடி கயிறு கட்டிச் சுற்றிப் பார்த்த பிறகே அடுத்த மோட்டாரைச் செருகுங்கள்.